சோற்றால் ஒட்டிய சுறா

என் சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, சரக்குக் கப்பலில் வேலை செய்தார். தொண்ணூறுகளில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அந்தக் கப்பல் பசிபிக் நடுவே எஞ்சின் பழுதாகி ஒரு குட்டித் தீவின் ஓரமாய் நின்றுவிட்டது. கம்பனிக்காரர் தீவின் பெயரை மட்டும் சொன்னார்கள். மாமாவோடு பேச வழியில்லை.

அம்மா அன்றே மீனை விட்டார். தம்பி கரைசேரும்வரை கடலில் உள்ள எதையும் தான் தொடமாட்டார். கடலில் உள்ளவையும் தம்பியைத் தொடக்கூடாது. இதற்குக் கடலின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. எங்கள் சம்மதத்தையும்தான். பிரெஞ்சு பேசும் ஊரில் குடியேறியிருந்த எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் அப்பாவும் நானும் பருப்போடு கிடந்தோம்.

வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த மிதப்பில், பள்ளி நூலகத்திலிருந்து அந்தத் தீவின் உயிரினங்களைப் பற்றிய புத்தகத்தை எடுத்து வந்தேன். சிவந்த கால் கடற்பறவைகள், ஆமைகள், தென்னையில் ஏறும் பெரிய நண்டு. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் சுறாக் கூட்டம்! அம்மா கண்ணில் இது படக்கூடாது. குசினிக்குள் ஓடி நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கி, அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒட்டிவிட்டேன்.

“பிள்ளை, அங்கை ஆக்களைக் கடிக்கிற சாமான் ஏதும் இருக்கே?”

“இல்லையம்மா. நண்டுதான் தென்னையிலை ஏறுதாம்.”

“ஏறட்டும்,” என்றார் அம்மா.

தினமும் பள்ளி விட்டு வந்ததும் அதே கேள்வி, அதே நண்டு. மாமாவுக்கு ஏதும் நடந்தால் என் பொய்தான் காரணம் என்று பயந்தேன்.

இருபது நாள் கழிந்து, மூன்றாம் கிழமை, நான் பள்ளியால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. மாமாவேதான். கப்பலை இழுத்து வந்து துறைமுகம் சேர்த்தாயிற்றாம். “ஏதும் கடிச்சதே?” என்று அம்மா கேட்டார். இரவில் காதுக்குள் ரீங்கரித்த நுளம்பு மட்டும்தான் கடித்ததாம். அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். நான் மற்றச் சப்பாத்தையும் கழற்றினேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினார். “சுறா வாங்கிக்கொண்டு வாங்கோ. வறை செய்வம்.”

கடையில் எத்தனையோ மீன் இருக்க, ஏன் சுறா என்று நான் யோசிக்கவில்லை. சுறாவை உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுத்த வறை வாசம் எழும்ப, புத்தகத்தை எடுத்து ஒட்டிய பக்கங்களைப் பிரித்தேன். மூன்று கிழமைக்கு முன் வைத்த சோறு, விரலில் ஈரமாய் ஒட்டியது.

நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமெல்லாம் அம்மா வீட்டில் தனியே இருந்தார் என்பதோ, படம் பார்க்கப் பிரெஞ்சு தேவையில்லை என்பதோ அப்போது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுச் சோறு லேசில் காயாது என்று பெருமைப்பட்டுக்கொண்டு வறை சாப்பிடப் போனேன்.