தராசடிக் கதிரையும் என் நடையும்

லொறி நிறுக்கிற வேலையில் லொறி வரும், போகும். நிறுக்கிற ஆள் மட்டும் அசையக் கூடாது. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு தனியார் களஞ்சியத்தின் வாசலில் எட்டு வருசமாக நான் ஒரு கதிரையில் அப்படி அசையாமல் இருந்து வருகிறேன். கப்பலில் இருந்து இறங்குகிற சாமான் லொறியில் ஏறி என் யன்னலடிக்கு வரும். லொறி தராசு மேடையில் ஏறும், நான் பொத்தானை அமத்துவேன், நிறை அடித்த துண்டு வரும், சாரதி அதை வாங்கிக்கொண்டு போவார். விடிய ஆறு மணியில் இருந்து பின்னேரம் ஆறு மணி வரைக்கும் இதுதான். மத்தியானச் சாப்பாடும் அதே கதிரையில்தான். பன்னிரண்டு மணித்தியாலம் உழைத்துக் களைத்து, வீட்டுக்குப் போய் வெங்காயம் உரிக்கிற என் பெண்ணினத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் அவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

வாங்கில் இருக்காதேங்கோ

நாற்பத்து மூன்று வயதில் எனக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். என் பெரியக்காவுக்கு இதே வருத்தத்தால் ஒரு கால்விரல் போனது. அதனால் கிளினிக்கில் டொக்டர் சொன்னதைப் பயபக்தியோடுதான் கேட்டேன். இளம் டொக்டர். துண்டில் எழுதிக்கொண்டே, நாளாந்தம் முக்கால் மணித்தியாலம் வேகமாக நடக்க வேணும் என்றார். எப்போது நடப்பது என்று கேட்டேன். வேலைக்குப் போக முதல் நடக்கலாமே என்றார். நான் நாலு மணிக்கு எழும்பி, இடியப்பம் அவித்து, இரண்டு மகள்மாருக்கும் மனுசனுக்கும் மத்தியானச் சோறு கட்டி, ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்கிறவள் என்றேன். அப்படியென்றால் வேலை முடிந்து வந்து நடவுங்கோ என்றார். வந்து இராச்சாப்பாடு சமைத்து, உடுப்புத் தோய்த்து, சின்னவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து முடிய, நடக்கிறது இருக்கட்டும், நிற்கவே ஏலாது என்றேன்.

"அப்ப ஒரு நாளில எப்பதான் நீங்கள் சும்மா இருக்கிறீங்கள்?" என்று எரிச்சலோடு கேட்டார்.

"இஞ்சதான் டொக்டர். இண்டைக்கு உங்களைக் காண மூண்டு மணித்தியாலம் வெளியில மர வாங்கில இருந்தனான்."

அவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இனி வாங்கில இருக்காதேங்கோ மிஸ், எழும்பி நில்லுங்கோ."

எண்பது

வீட்டில் நேரம் இல்லையென்றால் வேலையில் நடப்பதென்று தீர்மானித்தேன். ஒரு நாள் துண்டு அடிக்கிற மெசினுக்குக் கடதாசி முடிந்துவிட்டது. களஞ்சியத்தில் இருந்து புதுச் சுருள் வரும் வரைக்கும் ஒரு லொறியையும் நிறுக்க ஏலாது. ஏழெட்டு லொறிகள் வரிசையில் நின்றன. சாரதிமார் இறங்கி நிழலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கடவுள் தந்த பத்து நிமிடம் என்று நினைத்து, நான் தராசு மேடையைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். மூன்றாவது சுற்றில் வெயில் பொறுக்க முடியாமல், குறுக்கால் போவோம் என்று மேடைக்கு மேலே ஏறிவிட்டேன்.

எங்கள் தராசு லொறிக்கென்று செய்தது. இருபது, நாற்பது, அறுபது என்று இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும். நிறை எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று வெளியில் ஒரு பெரிய பலகையும் இருக்கிறது, அதில் சிவப்பு இலக்கம் எரியும். நான் எழுபத்து நாலு கிலோ. பலகை எண்பது என்று எரிந்தது. ஆறு கிலோவைச் சும்மா ஏற்றிவிட்ட அந்த மெசினை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. நிழலில் கதை நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். நான் இறங்கி, தலையை நிமிர்த்திக்கொண்டு என் அறைக்குப் போய்க் கதிரையில் இருந்தேன்.

கடதாசி வந்தது. முதல் லொறி கிண்ணியா நஸீர் நானாவுடையது. ஐம்பத்தைந்து வயது, மரியாதையான மனிசர். துண்டை வாங்கி இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, யன்னலுக்குள் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "மிஸ், இதுல நீங்க இல்லத்தானே?"

ஆரோக்கிய மாதம்

எங்கள் கொம்பனிக்கு வருசத்தில் ஒரு தரம் ஊழியர்மேல் அன்பு பொங்கும். இந்த முறை அது ஆரோக்கிய மாதம் என்ற பெயரில் பொங்கியது. கொழும்பில் இருந்து இறுக்கமான ரீசேட் போட்ட ஒருவர் வந்து, எங்கள் கைபேசியில் காலடி எண்ணுகிற ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டார். ஒரு கிழமையில், அதாவது ஏழு நாளில், ஆர் கூடுதலாக நடக்கிறாரோ அவருக்குப் பரிசு. எங்கள் மனேஜர் கந்தோரில் இருந்து சாப்பாட்டு அறைக்கு, ஒரு சத்தம் போட்டால் கேட்கிற தூரத்துக்கு, ஜீப்பில் போகிறவர். அவர் மேடையில் ஏறி நடையின் மகிமையைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். நாங்கள் அரை மணித்தியாலம் இருந்து கேட்டோம்.

எங்கள் இடத்தில் உண்மையாக நடக்கிறவர் ஒரே ஒருத்தர்தான். தேத்தண்ணி கொண்டு வருகிற பூமணி அக்கா. களஞ்சியம், இறங்குதுறை, வாசல், கந்தோர் என்று கையில் கேத்திலோடு விடியத் தொடங்கினால் பின்னேரம் வரைக்கும் நடை. ஆனால் அவர் ஒப்பந்தக்காரரின் ஆள், கொம்பனியின் ஆள் இல்லை. அதனால் போட்டியில் சேர்க்க ஏலாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் கைபேசியை அவருடைய சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். ஒரு கிழமையும் அது அவரோடு நடந்தது.

நான் முதலாமிடம் வந்தேன். கதிரையை விட்டு எழும்பாதவள் எப்படி முதலாவதாக வந்தாள் என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கைபேசி சொன்னால் சரிதான். மனேஜர் கைதட்டி, படமெடுத்து, ஒரு தண்ணிப் போத்தல் தந்தார். அதைக் கொண்டுபோய்ப் பூமணி அக்காவின் கையில் கொடுத்தேன். உண்மை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்காலை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

"அப்ப நான் நடந்ததில உங்கட சீனி குறைஞ்சதோ மிஸ்?"

மனுசனின் ஒத்துழைப்பு

என் கணவர் இரும்புக் கடையொன்றில் வேலை. நல்ல மனிசர். பிழை சொல்ல ஏலாது, சொன்னாலும் அவருக்குக் கேட்காது. எனக்குச் சீனி என்றதும் என்னை விட அவர்தான் கூடப் பயந்தார். இனிக் குடும்பமாக உடம்பைப் பார்க்க வேணும் என்று அறிவித்தார். அடுத்த நாளே நீலச் சப்பாத்து ஒன்றும் வெள்ளைத் துவாய் ஒன்றும் வந்தன. இரண்டும் அவருடைய அளவு.

அன்றிலிருந்து விடிய நாலரைக்கு அவர் கூட்டாளிமார் இரண்டு பேரோடு கடற்கரைக்கு நடக்கப் போவார். நான் நாலரைக்கு இடியப்பம் பிழிவேன். நான் பஸ்ஸுக்கு வெளிக்கிடுகிற நேரம் வேர்க்க வேர்க்க வந்து, கதிரையில் விழுந்து, நடந்ததால் நல்லாய்ப் பசிக்கிறது என்பார். இரண்டு மாதத்தில் அவருடைய வயிறு குறைந்தது. கடையடியில் எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். சீனி எனக்கு, நடை அவருக்கு. ஒரு நாள் சம்பல் இடித்துக்கொண்டே, இந்தக் குடும்பத்தில் வருத்தக்காரி ஆர் என்று கேட்டேன்.

அவர் துவாயால் கழுத்தைத் துடைத்தபடி, உண்மையான ஆச்சரியத்தோடு சொன்னார்: "நீரும் வரலாம்தானே, ஆர் வேண்டாமெண்டது?"

இரண்டு தரிப்புக்கு முன்னால்

அதற்குப் பிறகு ஒரு புத்தி வந்தது. பின்னேரம் பாலையூற்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு தரிப்புக்கு முன்னால் இறங்கி, மிச்சத்தை நடந்தால் என்ன? ஐந்து நாள் நடந்தேன். முதல் நாள் மூன்று ஓட்டோ என்னருகில் நின்றது. இரண்டாம் நாள் மகளின் ரீச்சர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, பஸ் உடைந்துவிட்டதா என்று விசாரித்தார். மூன்றாம் நாள் மரக்கறிக் கடைக்காரர் ஒரு கதிரையை எடுத்துப் போட்டு, இருந்து ஆறிப் போகச் சொன்னார். ஆணொருவர் நடந்தால் உடற்பயிற்சி. சீலை கட்டின பெண்ணொருத்தி கைப்பையோடு வேகமாக நடந்தால் அது ஏதோ குடும்ப விசயம்.

ஐந்தாம் நாள் வீட்டுப் படலையைத் திறக்கிறேன், பக்கத்து வீட்டு மச்சாள் காத்துக்கொண்டு நிற்கிறார். என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"என்னட்ட மறைக்காதை. அவர் விடியக்காலமையில எங்கையோ போறார், நீ பின்னேரத்தில தெருத் தெருவா நடக்கிறாய். ஆர் அவள்?"

கிரேனில் இருந்து இறங்கின ரவி

இனிச் சொல்லப்போவது சிரிப்பு இல்லை. எங்கள் இறங்குதுறைக் கிரேனை ஓட்டுகிறவர் ரவி அண்ணன், சல்லி ஊர்க்காரர். விடிய ஏணியில் ஏறினால் பின்னேரம்தான் இறங்குவார். மேலே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னிரண்டு மணித்தியாலம் குனிந்தபடி இருக்க வேணும். தண்ணீர் கூடக் குடிப்பதில்லை. குடித்தால் இறங்க வேணும். நான் நடக்க எடுத்த முயற்சிகளைக் கேட்டுச் சிரிக்கிறவர் அவர்தான். ஏணி ஏறுகிறவனுக்கு வேறென்ன பயிற்சி என்பார்.

ஒரு நாள் பத்து மணி போல என் அறையில் இருந்த வோக்கி-ரோக்கியில் அவருடைய குரல் கேட்டது. நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கிறது, இறங்கப் போகிறேன் என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. நான் தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஆம், எட்டு வருசத்தில் முதல் தரம் ஓடினேன். இரண்டு பேர் ஏணியில் ஏறி, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று, அவரைப் படிப்படியாக இறக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு எடுத்தார். கடைசிப் படியில் கால் வைக்கும்போது அவருடைய முகம் சாம்பல் நிறமாக இருந்தது. என் கையைப் பிடித்த கை குளிர்ந்து கிடந்தது. அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. உயிர் தப்பினார்.

நான் அறைக்குத் திரும்பி வந்தபோது மேசையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. மனேஜர். எல்லாவற்றையும் சொன்னேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. துக்கம் என்று நினைத்தேன்.

"சரி மிஸ். அப்ப கிரேனுக்கு இப்ப ஆரைப் போட்டிருக்கிறீங்கள்?"

தராசு மூடியிருக்கு

அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போனபோது என் சீனி ஏறியிருந்தது. வேலைநேரத்தில் பத்து மணிக்கு ஒரு கால்மணித்தியாலம், மூன்று மணிக்கு ஒரு கால்மணித்தியாலம் தரும்படி மனேஜருக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவதாக ஒரு மட்டையில் 'தராசு மூடியிருக்கு, கால்மணித்தியாலத்தில் திறக்கும்' என்று எழுதி யன்னலில் தொங்கவிட்டு, பத்து மணிக்கு எழும்பி இறங்குதுறை முடியும் வரைக்கும் நடந்தேன். வேலை போனால் என்ன செய்வது என்ற யோசனையும் கூடவே நடந்தது. பெரியவளுக்கு அந்த வருசம் பள்ளிக்கூடச் சோதனை. என்றாலும் கால் நிற்கவில்லை.

திரும்பி வரும்போது ஜீப் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. கண்ணாடி இறங்கியது.

"மிஸ், அங்க லொறியெல்லாம் நிக்குது!"

"நிக்கட்டும் சேர். நான் எட்டு வருசமா இருந்தனான்."

நான் நடந்தேன், அவர் பக்கத்தில் ஜீப்பில் வந்தார். ஒழுக்கம், விதி, கொழும்புக் கந்தோர் என்று எல்லாம் சொன்னார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "ரவி அண்ணன் படுத்த மாதிரி நாளைக்கு நானும் படுத்தால், தராசுக்கு ஆரைப் போடுவீங்கள் சேர்?" உயிர், வருத்தம், பிள்ளைகள் என்று சொன்னதெல்லாம் அவருக்கு ஏறவில்லை. இந்தக் கேள்வி ஏறியது. ஜீப் நின்றது. இரண்டு நாளில் கடிதம் வந்தது: இரண்டு கால்மணித்தியாலம், கையெழுத்தோடு. ரவி அண்ணன் சுகமாகி வந்ததும், இனி ஏணி ஏறக்கூடாது என்று அவரை என் அறையில் போட்டார்கள். பத்து மணிக்கு நான் நடப்பேன், அவர் துண்டு அடிப்பார். நான் வந்ததும் அவர் நடப்பார்.

மூன்று மாதத்தில் என் சீனி இறங்கியது, விழுங்குகிற குளிசையிலும் ஒன்று குறைந்தது. கொம்பனிச் சஞ்சிகையில் மனேஜரின் படம் வந்தது. ஊழியர் நலனுக்காக அவர் சுயமாகச் சிந்தித்துக் கொண்டுவந்த நடைத் திட்டமாம். சஞ்சிகையோடு என் யன்னலடிக்கு வந்தவர், ஜீப்பை விட்டு இறங்காமலே அதை நீட்டினார்.

"பாத்தீங்களோ மிஸ், நான் சொன்னபடி நடந்ததாலதான் உங்களுக்குச் சுகம்."

இத்தனை பேரோடும் மல்லுக்கட்டி நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: மனுசரை நடக்கச் சொல்லுகிற எல்லாரும் இருந்துகொண்டுதான் சொல்லுகிறார்கள்.