அக்காவை மேலே ஏற வைத்த அழைப்பு

அக்கா அமெரிக்காவில் ஒக்லஹோமாவுக்குக் குடிபோன காலத்தில், டொர்னாடோ என்ற சுழல்காற்று வந்தால் ஊருக்குப் பொதுவாக ஒரு சைரன் ஊதும். உடனே ஓடி ஒளிய வேண்டும். இப்போது ராடாரில் பார்த்து, அவரவர் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில் வரும் என்று போனுக்கே சொல்லிவிடுகிறார்கள். லண்டனில் இருக்கும் நானும் அக்காவின் ஊரை என் போனில் போட்டு வைத்திருந்தேன்.

அன்று காலை ஷிப்ட் முடிந்து செவன் கிங்ஸ் தரிப்பிடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எச்சரிக்கை அலறியது. பதினொரு நிமிடம் என்று காட்டியது. நின்ற இடத்திலேயே அக்காவுக்குப் போன் எடுத்தேன். குரல் விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு அறுந்தது. மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் அறுந்தது. மூன்றாம் முறை தெளிவாகப் பேசினார்.

"அக்கா, டொர்னாடோ வருதாம். நிலக்கீழ் அறைக்குப் போயிட்டியளோ?"

"ஓம் தம்பி, அங்கதான் இருந்தனான். அங்க சிக்னல் சரியா இல்லை, நிண்டு கதைக்க ஏலாது. நீ பயந்துபோவாய் எண்டு மேல ஏறி வந்தனான்."

"இறங்குங்கோ அக்கா!" என்று கத்தினேன். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அதோடு சரி.

ஒரு மணித்தியாலம் பஸ் தரிப்பிடத்திலேயே இருந்தேன். பிறகு அத்தான் எடுத்தார். அக்காவின் கையைக் கண்ணாடி கிழித்துவிட்டதாம், உயிருக்கு ஒன்றுமில்லையாம்.

அக்கா அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. அந்தப் பதினொரு நிமிடத்தை அவருக்குக் கொடுக்க எத்தனையோ பேர் எத்தனை வருடம் மெனக்கெட்டிருப்பார்கள். நான் நலம் விசாரித்தே அதைத் தின்றுவிட்டேன்.

இப்போதும் எச்சரிக்கை வருகிறது, முன்பைவிடச் சீக்கிரமாகவே வருகிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கா தானாக எனக்கு அழைக்கும்வரை சும்மா இருக்கிறேன். பத்து மணித்தியால ஷிப்ட்கூட இவ்வளவு களைக்காது.