பிளாட்பாரம் டிக்கெட்

காலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பத்து மணிக்கு என்னைப் பார்க்கிறவர்கள் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வில்லங்கம். பக்கத்துத் தெரு மசூதியில் மக்ரிப் பாங்கு ஒலிக்கும், வீட்டில் மனைவி விளக்கேற்றுவாள், எனக்கு நெஞ்சை அடைக்க ஆரம்பிக்கும். காலையில் சூப்பர்வைசர் "பாக்கலாம்"னு சொன்னாரே, எதைப் பார்க்கலாம் என்றார்? அங்கே தொடங்கி, ஐந்து வருஷத்துக்கு முன் தம்பியிடம் கத்தியதற்குப் போவேன். அங்கிருந்து, அழ அழ மகளை வேலூர் பாகாயத்தில் ஹாஸ்டலில் விட்டுவந்ததற்கு. எட்டு மணிக்குள் நான் பிறந்ததே தண்டம் என்று தீர்ப்பாகிவிடும். அப்பீல் கிடையாது.

இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் ஓ.டி., அதாவது ஓவர்டைம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் மெஷினில் நிற்கிறேன். தோலில் தழும்பு எங்கே, ஓட்டை எங்கே என்று பார்த்துப் பார்த்து அச்சை வைத்து அழுத்த வேண்டும். கவனம் பிசகினால் விரல் போய்விடும், அதனால் வேறு நினைப்பு வராது. யாரும் கூப்பிடாத நாளிலும் ஓ.டி.க்குப் பெயர் கொடுப்பேன். "இன்னாய்யா, மாடி மேல மாடி கட்றியா?" என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். கட்டுகிறேன் என்பேன்.

போன வருஷம் ஆர்டர் கம்மியாகி, ஓ.டி.யை நிறுத்திவிட்டார்கள். ஐந்தரைக்கே கேட்டைத் திறந்து வெளியே விட்டார்கள். நான் அதை வீட்டில் சொல்லவில்லை. நேராக ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்து யாராவது கேட்டுவிட்டால், அதையே ஒரு மாதம் யோசிப்பேன். டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். ஓ.டி.யும் இரண்டு மணி நேரம்தான், கணக்கு சரியாக இருந்தது.

அங்கே எனக்கு ஒத்துக்கொண்டது வண்டிச் சத்தம். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற வண்டிகள் ஓயாமல் கடக்கும். ஒரு நினைப்பு முழுசாகத் திரள்வதற்குள் ஒரு வண்டி தடதடவென்று வந்து அதைக் கலைத்துவிடும். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். வலி கொஞ்சம் மரத்தது, அவ்வளவுதான். சம்பள நாள் வந்தால் குட்டு வெளிப்படுமே என்று தெரியும். அதற்குள் ஒரு பொய் யோசிக்கலாம், யோசிக்கத்தான் நமக்கு நன்றாகத் தெரியுமே என்று இருந்தேன்.

மூன்றாவது வாரம் ஒருநாள் வீட்டுக்குப் போனபோது அடுப்பு பற்றவைக்கவே இல்லை. மனைவி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். எல்லாம் பிளாட்பாரம் டிக்கெட். துவைக்கப் போடும் சட்டைகளின் பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறாள்.

"ஓ.டி. நின்னு மூணு வாரம் ஆச்சாமே. எதிர்வீட்டு அக்கா சொல்லுச்சு."

எனக்கு வெட்கத்தில் கோபம்தான் வந்தது. "என்னை வேவு பாக்கிறியா?" என்று கத்தினேன்.

"எந்த ஊருக்கும் போவாத ஆளுக்கு வண்டி வர்ற எடத்துல தெனமும் இன்னா வேல?" என்றாள். "ஆறு மணியிலேர்ந்து ஒவ்வொரு வண்டி போறப்பவும் உசுர கையில புடிச்சிக்கினு உக்காந்திருக்கேன். நீங்க வந்து செருப்பு கழட்டுற சத்தம் கேட்டாதான் மூச்சு வருது."

எங்கள் வீடு தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. எனக்கு ஆறுதலாக இருந்த அத்தனை வண்டியும் அவள் காதுக்கும் வந்திருக்கிறது. அது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஊரில் உள்ள எல்லாவற்றையும் யோசித்த மண்டைக்கு இது மட்டும் எட்டவில்லை.

"முன்னாடியே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, அந்த நெனப்ப நானே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடுமோன்னு பயம்." தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்படி ஒண்ணும் இல்லதான?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல்லைக் கையில் கொடுத்தால் நாலு பக்கமும் புரட்டிப் பார்க்கிற பாழாய்ப்போன புத்தி எனக்கு. இதையும் புரட்டினேன். "சே, இல்ல" என்று நான் சொன்னபோது அவள் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே வேலூரில் ஒரு டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரையில் தூக்கம் வருகிறது. ஆறு மணி மட்டும் இன்னும் ஆறு மணியாகவே இருக்கிறது. இப்போதெல்லாம் ஐந்தரைக்கு விட்டால் நேராக வீடுதான். இருவரும் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். வண்டி வரும் சத்தம் கேட்டதும் அவள் கை தானாக வந்து என் சட்டையைப் பிடிக்கும். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இருந்தாலும், கடைசிப் பெட்டி போய் முடியும்வரை அவள் விடுவதில்லை.