ஊசியக்காவும் சிக்காத காகிதமும்

அந்தக் கட்டடத்தில் நான்கு மாடிக்கும் கேட்கிற குரல் ஒன்றுதான். ஊசியக்காவின் குரல். தையல் யூனிட்டில் வேலை பார்த்தபோது அங்கிருந்த பெண்கள் வைத்த பெயர் அது. பேச்சால் குத்துவாள் என்பதற்காக வைத்தார்கள். நேராகவும் போவாள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டார்கள்.

அன்று காலை அவள் திட்டிக்கொண்டிருந்தது பிரிண்டரை.

"எங்க சிக்கியிருக்கு? காட்டு! வாயத் தெறந்துதான வெச்சிருக்க, காட்டு பாப்போம்!"

பிரிண்டரின் சின்னத் திரையில் ஒரே வாசகம்தான் திரும்பத் திரும்ப வந்தது: காகிதம் சிக்கியுள்ளது. நீக்கிவிட்டு மீண்டும் முயலவும். உள்ளே காகிதம் இல்லை. கிழிந்த துண்டுகூட இல்லை.

அவள் தொழில் ஆடைக்கு அளவுத்தாள் வரைவது. கணினியில் வரைந்து, வீட்டு பிரிண்டரில் தாள் தாளாக எடுத்து, ஓரம் பார்த்து டேப் போட்டு ஒட்டினால் ஒரு முழுச் சட்டையின் வடிவம் வரும். அதை வைத்துத்தான் யூனிட்டில் துணி வெட்டுவார்கள். மூன்று மாதத்துக்கு முன்பு, அவள் வரைந்த தோள்வளைவைக் கட்டிங் மாஸ்டர் கேட்காமலே ஒட்ட வெட்டிவிட்டார். யூனிட் மொத்தமும் கைவேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க, அவரை நிற்க வைத்துக் கேட்டுவிட்டு, அன்றே வெளியே வந்துவிட்டாள். இப்போது முதலாளியம்மா ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார். செவிலியர் சட்டை. இன்று சாப்பாட்டு நேரம் முடியும்போது அளவுத்தாள் மேசையில் இருந்தால் இனி எல்லா வரைவும் இவளுக்கு. இல்லாவிட்டால் மாஸ்டரின் பழைய தாளை விரித்து வெட்டிவிடுவார்கள்.

முன்பாகம் ஒட்டியாயிற்று. பின்பாகமும் ஆயிற்று. சட்டைக் கை மட்டும்தான் பாக்கி.

அவள் செய்யாதது ஒன்றில்லை. மின்கம்பியைப் பிடுங்கி, ஆறவிட்டு, மறுபடி சொருகினாள். தாள்கட்டை விசிறி விட்டு ஓரம் தட்டி வைத்தாள். பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஈரத்துணியால் உருளைகளைத் துடைத்தாள். மை தெளிக்கும் தலைப்பகுதியைக் கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு போனது. ஸ்விட்சைப் போட்டால் கர்ரென்று ஒரு சத்தம், உடனே அதே வாசகம்.

உதவி மையத்துக்குப் போன் போட்டாள்.

"சிக்கின பேப்பர எடுத்துட்டீங்களா மேடம்?"

"சிக்கவே இல்லங்கறேன்!"

"சரி மேடம். மொதல்ல சிக்கின பேப்பர எடுத்துருங்க."

போனை மெத்தையில் எறிந்தாள். சுவரில் எறிய மனம் வந்தது, போன் அவளுடையது என்பதால் விட்டாள்.

அப்போதுதான் நாத்தனார் ஞாபகம் வந்தாள். மேல் மாடியில் இருப்பவள், நேற்று சாயங்காலம் வந்து ஏதோ இரண்டு தாள் பிரிண்ட் எடுத்தாள். ஊசியக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏய், கீழ வா! நேத்து என்னத்தத் திணிச்ச இதுக்குள்ள?"

நாத்தனார் ஈரக்கையோடு இறங்கி வந்தாள். அவளும் வாய்க்குச் சளைத்தவள் இல்லை.

"ரெண்டு பேப்பர் எடுத்தேன் அண்ணி. ரெண்டும் வெளிய வந்துச்சு. வேணும்னா கொண்டு வந்து காட்டறேன்."

"ஓசியில எடுக்கறவங்க பாத்து எடுக்கணும்."

"சொல்லிக் காட்டறீங்களா? உங்க தையல் மிஷினுக்கு என் வீட்டு மேசையத்தான போட்டிருக்கீங்க? நான் என்னைக்காவது ஜன்னல்ல நின்னு கத்தினேனா?"

ஊசியக்காவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. தாள் தட்டை உருவி வெளியே எடுத்து, ஒரு தாள்கூட இல்லாமல் ஸ்விட்சை ஆத்திரத்தோடு அழுத்தினாள். கர்ர். காகிதம் சிக்கியுள்ளது.

"பாரு! பேப்பரே வெக்கல. பொய் சொல்லுது."

"பொய் சொல்லலையோ என்னவோ. இருக்குன்னு நம்புது போல" என்றாள் நாத்தனார்.

ஊசியக்கா குனிந்து உள்ளே பார்த்தாள். இருக்கிறதென்று எதை வைத்து நம்பும்? காகிதம் உள்ளே போகும்போது எதையாவது தொட்டாக வேண்டும்.

"டார்ச்சப் பிடி. நேரா பிடி, ஆட்டாத."

தாள் இறங்கும் வழியின் அடியில், நகக்கண் அளவில் ஒரு கறுப்பு நாக்கு தெரிந்தது. தாள் அழுத்தினால் சாய வேண்டும், தாள் போனதும் எழும்ப வேண்டும். அது தாளே இல்லாமல் சாய்ந்து கிடந்தது. தையல் பிரிக்கிற சின்ன இடுக்கியை உள்ளே விட்டு நெருடினாள். கண்ணாடி மாதிரி ஏதோ மின்னியது. இழுத்தாள். விரல்நகம் அகலத்தில் ஒரு துண்டு டேப்.

நாக்கு டிக்கென்று எழுந்து நின்றது.

நாத்தனார் டார்ச் வெளிச்சத்தை மெதுவாக மேலே நகர்த்தினாள். பிரிண்டரின் பின்விளிம்பில், வரிசையாக, கம்பியில் உட்கார்ந்த குருவிகள் மாதிரி, வெட்டி ஒட்டி வைத்த டேப் துண்டுகள். தாள் ஒட்டுகிறவர்களின் பழக்கம் அது. இரண்டு கையும் தாளைப் பிடித்திருக்கும், டேப்பை எந்தக் கையால் கிழிப்பது? அதனால் முன்கூட்டியே வெட்டி, பக்கத்தில் இருக்கும் விளிம்பில் தொங்கவிடுவார்கள். யூனிட்டில் மேசை விளிம்பு. இங்கே இது.

"குருவி ஒண்ணு பறந்து உள்ள விழுந்துருச்சு போல அண்ணி."

"வாய மூடு."

பிரிண்டர் ஒழுங்குப்பிள்ளையாகச் சட்டைக் கையின் தாள்களைத் தள்ளியது. சாப்பாட்டு நேரம் முடிய அதிக நேரமில்லை. ஊசியக்கா தாள்களை ஓரம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் பிரிண்டர் பக்கம் கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டாள். நாத்தனார் டேப்பை வெட்டி வெட்டித் தன் முழங்கை வரை ஒட்டி, கையை முன்னால் நீட்டினாள்.

"எடுங்க. எனக்குள்ள சிக்காது."

ஊசியக்கா ஒவ்வொன்றாய்ப் பிய்த்து ஒட்டினாள்.

"ஆ! மெதுவா! முடியோட வருது!"

"கத்தாத. நேரா காட்டு."

இருவரும் ஓடினார்கள். யூனிட்டில் பழைய தாளைத் துணிமேல் விரித்தாயிற்று. மாஸ்டர் கத்தரியைக் கையில் எடுத்திருந்தார். ஊசியக்கா அவர் தாளை மடக்கி ஓரமாக வைத்துத் தன்னுடையதை விரித்தாள். முதலாளியம்மா கையின் வளைவைத் தோள்வளைவோடு நடத்தி அளந்து பார்த்தார். சரியாக வந்து சேர்ந்தது. தலையசைத்தார்.

"அதென்ன கடைசி நிமிஷம் வரைக்கும்?" என்றார் மாஸ்டர், விடமனமில்லாமல். "வீட்டு மிஷின்னா அப்படித்தான். யாராவது தொட்டுக் கெடுத்திருப்பாங்க."

பழியைத் தள்ளிவிட ஒரு சாக்கைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. ஊசியக்கா பக்கத்தில் பார்த்தாள். நாத்தனார் சிவந்துபோன முன்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் தொடல. நான்தான் டேப்ப உள்ள விழ விட்டேன்" என்றாள் ஊசியக்கா, யூனிட் மொத்தமும் கேட்க. "வீட்டுல கத்தினதும் நான்தான். போதுமா மாஸ்டர்? இந்தத் தடவையாவது தோள்வளைவ மாத்தாம வெட்டுங்க."