திரும்பவும் அதே பாவம்

சகாயம்மாவைக் கோபக்காரி என்று கல்முனையில் யாரும் சொன்னதில்லை. செத்த வீடென்றால் முதல் ஆளாய்ப் போய் அடுப்பு மூட்டுவாள். திருநாளென்றால் பீடத்துக்குப் பூக்கட்டிக் கொடுப்பாள். பிள்ளையில்லாத குறையைக்கூட யாரிடமும் வாய்விட்டுச் சொன்னவளில்லை. கணவர் கிறிஸ்ரோபர் அவளைவிடச் சாது. மேசன் வேலை செய்தவர். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் புது வீடு கட்டுகிறவர்கள் சுவர் பூசுவதற்கு அவரைத்தான் தேடி வருவார்கள். இருவரும் வாழ்ந்த அந்தச் சின்ன ஓட்டு வீட்டில் உரத்த பேச்சு கேட்டதே கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் ஆண்டு ஆவணி மாதம் அப்துல் கபூர் என்ற கடைக்காரரின் வீட்டில் சாந்து பூசிக்கொண்டு நின்றவர், கையிலிருந்த கரண்டி நழுவ, அப்படியே சரிந்து விழுந்தார். எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் கபூர்தான் வண்டியில் வைக்கோல் பரப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். உயிர் தங்கியது. வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரேயொரு சொல்லைத் தவிர.

"வா."

தாகமென்றாலும் வா. முதுகு வலித்தாலும் வா. ஈ மொய்த்தாலும் வா. அடுப்பை விட்டு, கைவேலையை விட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றால், அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பவும் வா. என்ன வேண்டும் என்று அவர் சொல்லமாட்டார். அவருக்குச் சொல்லத் தெரியாது. அவள் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள், கால் பிடித்துவிடுவாள். சில வேளை சத்தம் அடங்கும். பல வேளை அடங்காது.

முதல் மாதங்களில் அவளுக்கு அது பாரமாகத் தெரியவில்லை. சர்வேசுரன் கொடுத்த சிலுவை என்று நினைத்தாள். மருதமுனை நெசவுக்காரருக்கு நூல் சுற்றிக் கொடுத்துக் கஞ்சிக்கு வழி பண்ணிக்கொண்டாள். கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்ப்பேன் என்று மாதா சுரூபத்தின் முன் முழந்தாளில் நின்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த வாக்கு மாரி பிறக்குமுன் உடைந்தது. ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது அவர் இடது கையால் தட்டிவிட, கஞ்சிப் பேணி அவள் மடியில் கவிழ்ந்தது. சூடு தாங்காமல் அவள் அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அடித்த பிறகுதான், அடித்தது தன்னுடைய கை என்று தெரிந்தது.

சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், செய்ததைச் சொல்லி அழுதாள். பங்குச் சுவாமியார் வயதில் இளையவர், கண்டிப்பானவர். புத்தி சொல்லி, ஒரு செபமாலை சொல்லும்படி பரிகாரம் கொடுத்தார். அவள் லேசான மனதோடு வீட்டுக்கு வந்தாள். அடுத்த கிழமை ஏசினாள். அதற்கடுத்த கிழமை, சத்தம் வராமலிருக்க அவருடைய வாயைக் கையால் பொத்தினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் சுவாமியாரை மறைக்கும் அதே மரத்தட்டிக்கு முன்னால் அதே சொற்கள்.

"திரும்பவும் அதே பாவந்தான் சுவாமி."

ஒருநாள் தட்டிக்கு அப்பால் இருந்த குரல் கடுமையாயிற்று. "போன கிழமையும் இதைத்தானே சொன்னீர்? திரும்பச் செய்யமாட்டேன் என்ற உறுதி உண்மையில் உமக்கு இருந்தால் இப்படி நடக்குமா? செய்த பாவத்துக்காக நீர் படுகிற மனஸ்தாபம் மெய்யான மனஸ்தாபந்தானா என்று யோசித்துப் பாரும்."

அவள் யோசித்துப் பார்த்தாள். எத்தனையோ வழி செய்தாள். வெள்ளிக்கிழமையோடு புதன்கிழமையும் சேர்த்து ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தாள். பசியில் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவர் கூப்பிடும்போது ஏச்சு வெளியே வராமலிருக்க ஒரு வாய் தண்ணீரை விழுங்காமல் அடக்கிக்கொண்டு வேலை செய்தாள். சில நாட்களுக்கு அது கைகொடுத்தது. பிறகு ஒருநாள் அந்தத் தண்ணீரை அவருடைய முகத்திலேயே துப்பிவிட்டாள்.

அதோடு அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை விட்டாள். பூசைக்குப் போனாலும் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பாள். மற்றவர்கள் சுவாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது குனிந்துகொள்வாள். பூக்கட்டுவதும் நின்றது. மெய்யான மனஸ்தாபம் இல்லாதவள் பீடத்துப் பூவைத் தொடக்கூடாது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

அவளுக்கு நூல் கொண்டுவந்து கொடுப்பவள் ஜுனைதா என்ற விதவை. ஐம்பது வயதிருக்கும். மருதமுனையிலிருந்து நூற்பொதியோடு வந்து, வீடு வீடாய்க் கொடுத்துவிட்டு, வெயில் தாழும்வரை சகாயம்மாவின் வாசற்படியில் இருந்து இளைப்பாறிவிட்டுப் போவாள். வீட்டுக்குள் நடப்பது அவளுக்குத் தெரியும். அதைப்பற்றி விசாரித்ததில்லை.

ஐம்பத்துநாலாம் ஆண்டு பங்குனியில் ஒரு மத்தியானம் அவள் வந்தபோது வீட்டுக் கதவு வெளியே கொக்கி கொளுவியிருந்தது. உள்ளே முனகல் கேட்டது. சகாயம்மா வளவின் மூலையில் முருங்கை மரத்தடியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். ஜுனைதா கதவைத் திறந்தாள். கிறிஸ்ரோபர் கட்டிலால் விழுந்து, நெற்றி வெடித்து, தன் மூத்திரத்துக்குள் கிடந்தார். காலையிலிருந்து கதவு பூட்டியபடியே இருந்திருக்கிறது.

பெண்கள் இருவருமாகப் படுக்கை விரிப்பில் வைத்து அவரைத் தூக்கிக் கிடத்தினார்கள். ஜுனைதா கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள். சகாயம்மா அவரைக் கழுவித் துடைத்து, காயத்தில் துணி கட்டினாள்.

"பாவம்," என்றாள் ஜுனைதா.

"ஓம் ராத்தா, பாவந்தான். இந்த மனிசன் ஆருக்கு என்ன செய்தவர்?"

"நான் அவரச் சொல்லல்ல புள்ள. உன்னச் சொன்னன்."

அதைக் கேட்டதும் சகாயம்மா உடைந்துபோனாள். இவ்வளவு காலத்தில் அவளைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

அந்தத் தவக்காலத்தில் பங்குச் சுவாமியாருக்கு உதவியாக வஸ்தியாம்பிள்ளை சுவாமி என்ற முதியவர் வந்திருந்தார். சலரோகம் என்ற சர்க்கரை வியாதி தின்ற கால்கள். தடியூன்றித்தான் நடப்பார். பாஸ்குத் திருநாள் நெருங்கும்போது, நோயாளிகளுக்கு நன்மை கொடுக்க வீடு வீடாய் வந்தவர் கிறிஸ்ரோபரிடமும் வந்தார். அவருக்குக் கொடுத்து முடித்து, அவள் பக்கம் திரும்பினார். அவள் சுவரோடு ஒதுங்கினாள்.

"எனக்கு வேணாம் சுவாமி. நான் அதுக்குத் தகுதியில்ல."

சுவாமி முக்காலியில் உட்கார்ந்தார். நெற்றிக் காயத்தைப் பார்த்தார். அவள் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அடித்தது, துப்பியது, கதவைப் பூட்டியது எல்லாம். சொல்லும்போது அழவும் இல்லை. அழுது அழுது அலுத்துவிட்டது.

"கோபம் எந்த நேரம் வாறது?" என்று கேட்டார் சுவாமி.

அப்படியொரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "மத்தியானத்திலதான் கூட."

"எப்ப நித்திரை கொள்ளுறாய்?"

"நித்திரையா? அவர் விடியும் மட்டும் கூப்பிடுவார் சுவாமி. விடிஞ்சா நூல் சுத்தோணும்."

"ஒருசந்தி இருக்கிறியா?"

"ரெண்டு நாள்."

"அதை விடு. சாப்பிடு. பின்னேரம் கொஞ்சம் படுத்து நித்திரை கொள்ளு. அதுதான் உனக்கு நான் தாற பரிகாரம்."

அவர் கேலி பண்ணுகிறாரோ என்று அவள் பார்த்தாள். அவருடைய முகத்தில் கேலி இல்லை.

"சுவாமி, எனக்கு மனஸ்தாபம் இல்லையாம். இருந்தாத் திரும்பச் செய்வனா?"

"நான் அறுபத்தெட்டு வயசுக் கிழவன், மகள். என்ட பாவங்களும் புதுசு புதுசா வாறதில்ல. பழசுதான் வருது. விழுறது உன்ட பலவீனம். விழுந்த இடத்திலயே கிடப்பன் எண்டு தூணுக்குப் பின்னால போய் நிக்கிறியே, அதுதான் எனக்குப் பயமாயிருக்கு." பிறகு கட்டிலைக் காட்டிக் கேட்டார். "இத்தனை சனிக்கிழமை கோயிலில மன்னிப்புக் கேட்டாய். இவரிட்டக் கேட்டியா?"

"அவருக்கு விளங்காதே சுவாமி."

"விளங்காதெண்டு ஆர் சொன்னது? சனிக்கிழமை வரும் மட்டும் பொறுத்திராத. விழுந்த உடன இவரிட்டக் கேளு. திரும்ப விழுந்தா மறுகாலும் கேளு. கோயிலுக்கும் வா. ரெண்டும் வேணும்."

அன்று அவள் நன்மை வாங்கினாள். சுவாமி போனபின் கட்டிலடியில் நிலத்தில் இருந்தாள். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவரிடம் பேசுவதற்கு நாக்கு எழவில்லை. கடைசியில், "இஞ்சேருங்க, நான் உங்கள அடிச்சுப்போட்டன். கதவைப் பூட்டிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றாள். கிறிஸ்ரோபர் அவளை நெடுநேரம் பார்த்தார். நல்ல கையைத் தூக்கி அவள் தலையில் போட்டார். கனமாக விழுந்தது, குறி தப்பிப் பாதி காதில். கண்ணால் தண்ணீர் வழிந்தது. எல்லாம் விளங்கியிருக்கிறது. இவ்வளவு காலமும் ஒவ்வோர் ஏச்சும் விளங்கித்தான் கிடந்திருக்கிறார். அது தெரிந்தபோது அவளுக்கு ஆறுதலைவிட வேதனைதான் கூடுதலாய் இருந்தது.

அதன்பின் மத்தியானங்களில் ஜுனைதா முக்காட்டை இழுத்துவிட்டு வாசற்படியில் இருந்து உள்ளே ஒரு கண் வைத்துக்கொள்வாள். சகாயம்மா பின்பக்கம் பாயைப் போட்டுச் செத்தவள்போல் தூங்குவாள். அவள் மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஏசத்தான் செய்தாள். அவரைப் பிடித்துத் தள்ளியும்விட்டிருக்கிறாள். ஆனால் ஏசிய வாய் ஆறுமுன் திரும்பிவந்து கட்டிலடியில் இருந்துவிடுவாள். "இந்தா, திரும்பவும் வந்திட்டன்," என்பாள். அவர் கையைப் போடுவார். சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்போது, அவர் முகம் திரும்பும்வரை அவள் இருப்பாள். ஏச்சுகள் கிழமைக்கு ஒன்றாய்க் குறைந்து, சில கிழமைகளில் ஒன்றுமே இல்லாமலும் போயின. பீடத்துக்குத் திரும்பவும் பூக்கட்டினாள்.

ஐம்பத்தாறாம் ஆண்டு மார்கழி மழை விடாமல் பெய்தது. கூரை ஒழுகி நூல் நனைந்தது. சகாயம்மாவுக்குக் காய்ச்சல். ஜுனைதாவால் வரமுடியவில்லை. மூன்றாம் நாள் காலை கிறிஸ்ரோபர் விடியமுன் தொடங்கிய "வா" அடங்கவேயில்லை. தண்ணீர் கொடுத்தாள், துப்பினார். புரட்டினாள், முனகினார். நனைந்த துணிகளை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் புறப்பட்டவளைப் பார்த்துத் திரும்பவும் வா என்றார்.

"செத்தாவது போகமாட்டீங்களா?" என்றாள்.

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். துணியைக் கல்லில் அடிக்கும்போதே நெஞ்சு குத்தியது. இதை அலசிவிட்டுப் போய்க் கேட்போம் என்று நினைத்தாள். இன்னொன்றையும் அலசினாள். இரண்டு துணிதான். திரும்பி வந்தபோது வீடு அமைதியாய் இருந்தது. தூங்கிவிட்டார் என்று கால்பெருவிரலில் நடந்து போனாள். கண்கள் திறந்தபடி இருந்தன. நல்ல கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

"இஞ்சேருங்க, வந்திட்டன்," என்றாள். உலுக்கினாள். அந்தக் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். அது சறுக்கி விழுந்தது. திரும்ப வைத்தாள். அயலார் வந்து அவளைப் பிடித்து இழுக்கும்வரை வைத்துக்கொண்டே இருந்தாள்.

அடக்கத்துக்குக் கபூர் காக்கா ஆட்களோடு வந்து கோயில் வாசலில் நின்றார். சகாயம்மா அழவில்லை என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். நன்மை வாங்குவதும் திரும்ப நின்றது. தூணுக்குப் பின்னாலும் அவள் வரவில்லை.

வஸ்தியாம்பிள்ளை சுவாமி அப்போது ஒரு கால் எடுக்கப்பட்டு மட்டக்களப்பில் இருந்தார். தை மாதம் ஜுனைதாதான் பிடிவாதமாய் அவளை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். சுவாமி கட்டிலில் கிடந்தார். அவள் சொன்னாள். கடைசியாய்ச் சொன்ன சொல்லையும் மாற்றாமல் சொன்னாள்.

சுவாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "ஆறுதல் வரும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். ஒண்டு மட்டும் கேக்கிறன். செத்தவங்களுக்காக நாங்கள் செபிக்கிறம், பூசை ஒப்புக்கொடுக்கிறம். அவங்க எங்கட சத்தத்துக்கு எட்டாத இடத்தில இருக்கிறாங்க எண்டா அதெல்லாம் எதுக்கு? உனக்கு நான் சொன்னதையே திரும்பச் சொல்லுறன். அவரிட்டக் கேளு."

"அவர் கை போடமாட்டாரே சுவாமி."

"மாட்டார்," என்றார் சுவாமி. "கை போடாட்டியும் கேளு."

அறைக்கு வெளியே நின்ற ஜுனைதாவுக்கு எல்லாம் கேட்டது. பஸ்ஸில் திரும்பும்போது, களுவாஞ்சிகுடி தாண்டியபின், மெல்லச் சொன்னாள். "நீ கோவிச்சுக்கு வெளிய போற நேரமெல்லாம் நான் அவரப் பாத்திருக்கன் புள்ள. அழமாட்டாரு. வாசலத்தான் பாத்துக் கிடப்பாரு. நீ வருவாய் எண்டு அவருக்குத் தெரியும். அண்டைக்கும் தெரிஞ்சிருக்கும்."

சகாயம்மா சன்னலோரம் திரும்பிக்கொண்டாள். அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. கல்முனை வரும்வரை நிற்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஜுனைதா தன் முக்காட்டுத் தலைப்பால் அவளை மறைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கினாள். பூசை முடிந்ததும் கடலோரச் சேமக்காலைக்குப் போய், மண் இன்னும் ஆறாத அவருடைய குழியடியில் இருந்து மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் போனாள். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் சிலுவைகள் சாய்ந்து, எது யாருடைய குழி என்று தெரியாமல் போனபோதும், அண்ணளவாய் ஓர் இடத்தில் இருந்து கேட்டாள்.

சில ஞாயிறுகளில் ஜுனைதா வேலிக்கு வெளியே, தெருவோரப் பூவரச நிழலில் அவளுக்காக நிற்பாள்.

"கேட்டாச்சா?"

"ஓம் ராத்தா. கேட்டன்."

"மனசு எப்பிடி இரிக்கி?"

"அப்பிடியேதான் கிடக்கு."

இருவரும் வெயில் ஏறுமுன் வீட்டுக்கு நடப்பார்கள்.