அவுட்டான ரஃபீக்கின் இதயம்

போன வாரம் நெம்மேலியில் ஒரு கபடிப் பயிற்சி ஆட்டம். என் நண்பன் ரஃபீக் ரெய்டு போனான், மாட்டினான், அவுட்டாகி கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தான். இரண்டு நிமிடம் ஆகியும் அவன் பனியன் நெஞ்சருகே தடதடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. எட்ட நின்ற எனக்கே தெரிந்தது!

அப்போதுதான் யோசனை உதித்தது. தினமும் ஓடப்போகிறேன் என்று இதயத்துடிப்பு பார்க்கும் நெஞ்சுப் பட்டை ஒன்று முன்பு வாங்கியிருந்தேன். ஓடியது இரண்டே நாள். அதை இவனுக்குக் கட்டினால் என்ன?

ரஃபீக்குக்கு செங்கல்பட்டு பஜாரில் செல்போன் கடை. நல்ல ரெய்டர். ஒரே குறை — அவுட்டாகி உட்கார்ந்தவன், நம் ஆள் பாயின்ட் எடுத்ததும் மறுபடி உள்ளே போவான் இல்லையா... அந்த முதல் ரெய்டிலேயே மூச்சு வாங்கி மாட்டிக்கொள்வான். கேப்டன் வேலு செம கடுப்பில் இருந்தான்.

"ஞாயித்துக்கெழம ஃபைனலு. இன்னொருவாட்டி இப்டி மாட்டுனன்னா, நீ டீம்லயே கெடையாது மச்சான்."

மறுநாள் பயிற்சியில் பட்டையைக் கட்டினோம். என் செல்போனில் எண்கள் ஓடின. ரெய்டில் நூற்றெண்பது. நியாயம்தான். அவுட்டாகி உட்கார்ந்த பிறகு? நூற்று எழுபது!

ஏன் இறங்கவில்லை? நிமிர்ந்து பார்த்தேன்.

"டேய், கார்னர மூடு! கால நீட்டுவான், வுடாத... ஐய, இன்னாடா சும்மா நின்னுகினு கீற!"

உட்கார்ந்த இடத்திலேயே ஏழு பேர் ஆட்டத்தையும் ஆடிக்கொண்டிருந்தான். அவுட் ஆனால் ஆட்டத்தில் இல்லை என்பது விதி. அதை இதயத்துக்கு யார் சொல்வது?

"கத்தாம உக்காரேன்டா" என்றேன்.

"நானா கத்தறேன்? வாய் தானா தொறக்குது மச்சான்."

சரி, வாயை அடைக்க ஒரு வழி செய்தேன்: அடுத்த முறை அவுட்டாகி வந்து மூச்சு கொஞ்சம் அடங்கியதும், அவன் வாய் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. கண்ணை உருட்டினான், தொடையில் குத்திக்கொண்டான்... ஆனால் எண் சரசரவென்று இறங்கியது. உள்ளே போனான். முதல் ரெய்டிலேயே இரண்டு பாயின்ட்!

நான் துள்ளிக் குதித்தேன். ஆட்டத்தில்தான் தோற்றுவிட்டோம்.

கார்னரில் நின்ற பையன் நேராக ரஃபீக்கிடம் வந்தான். "இன்னாண்ணே, இன்னிக்கி ஒண்ணுமே சொல்லல? உன் சவுண்டு கேட்டுத்தான நாங்க புடிக்கறது?"

வேலு ரஃபீக்கின் பிடரியில் செல்லமாக ஒன்று வைத்தான்.

"ஞாயித்துக்கெழம நீ ஆடற. வாயில தண்ணியோட. கத்தறதுக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னென்ன கத்த வேண்டும் என்று ரஃபீக் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்திருக்கிறான். "பாத்துப் படிக்காத மச்சான், லேட்டாயிடும். மனப்பாடம் பண்ணு."

மூன்று நாளாக மொட்டைமாடியில் கத்திப் பழகுகிறேன். எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்!