லோட்ஷெடிங் கலைஞன்

கல்கத்தாவில் மின்சாரம் ஒழுங்காக இருந்திருந்தால் நான் கலைஞனாகியே இருக்க மாட்டேன். மற்றவர்கள் குருவுக்கும் தெய்வத்துக்கும் நன்றி சொல்லித் தொடங்குவார்கள். என் நன்றி லோட்ஷெடிங்குக்கு, அதாவது மின்வெட்டுக்கு. எண்பதுகளின் தொடக்கத்தில் பாலிகஞ்சில் சாயங்காலம் விளக்கு எரிந்தால்தான் ஜனங்கள் வெளியே வந்து என்ன விஷயம் என்று விசாரிப்பார்கள்.

அப்பா அங்கே ஒரு தமிழ் டிபன் கடையில் சப்ளையர். முதலாளியை வங்காளிகள் உட்பட எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் குடியிருந்ததும் அண்ணாச்சி கடையின் மாடியறையில்தான். அதனால் அப்பாவுக்கு வேலை போனால் வீடும் சேர்ந்து போகும் என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் பெரியப்பா ஒருமுறை போயிருக்கிறார், சுவருக்கு வெள்ளையடிக்க. நான் பி.காம். முடித்ததும் அப்பாவுக்கு ஒரே ஆசைதான்: மகன் வங்கியில் உட்கார வேண்டும், ஃபேனுக்குக் கீழே. வங்கியைவிட ஃபேன் முக்கியம். அடுப்படி வெக்கையில் முப்பது வயதிலேயே நரைத்த மனிதர்.

நான் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கெடுத்தது மாமா. அவர் கார்டன் ரீச்சில் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளிடம் சென்ட் பாட்டில், கறுப்புக் கண்ணாடி, கேசட் என்று எதையாவது வாங்கிக்கொண்டு வருவார். ஒருநாள் மேலட்டை இல்லாத ஒரு கேசட்டைக் கொண்டுவந்து போட்டார். மேளம் அடித்தது. ஒருவன் பேசினான். பேசிக்கொண்டே இருந்தான்.

“ஏமாத்திட்டான்ல பாவிப்பய. பாட்டெல்லாம் அழிஞ்சு போயி பேச்சு மட்டும் நிக்குது” என்றார் மாமா.

அம்மா கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டாள். “யார் கூடயோ சண்டை போடுதான். எதிராளி கொரல்தான் வரல” என்றாள்.

ராப் இசையைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுரைகள் படித்துவிட்டேன். அம்மா சொன்னதைவிடச் சரியாக யாரும் எழுதவில்லை.

எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அந்தத் தாளத்தில் வாய் தானாக ஓடியது. குளிக்கும்போது ஓடியது, டிராமில் ஓடியது. நானே வார்த்தை கட்டத் தொடங்கினேன். வங்காளி பாதி, இந்தி கால், மிச்சத்துக்குத் தமிழும் இங்கிலீஷும். எந்தப் பாஷையில் எதுகை கிடைத்ததோ அந்தப் பாஷை.

முதல் அரங்கேற்றம் நம் தமிழர்களிடம்தான் நடந்தது. பொங்கல் விழாப் போட்டிகளுக்கு மனு கொடுத்தேன். விழாக் குழுச் செயலாளர் வங்கி அதிகாரி. பேனாவை மூடியபடி கேட்டார்:

“வாய்ப்பாட்டா?”

“இல்ல சார்.”

“வாத்தியமா?”

“இல்ல சார். தாளத்துக்குப் பேசறது.”

“அப்ப பேசறதுன்னு சொல்லேம்ப்பா” என்று என்னைப் பேச்சுப்போட்டியில் எழுதிக்கொண்டார்.

தலைப்பு ‘ஒற்றுமையே உயர்வு’. நான் அதைத் தாளத்தில் அடித்தேன். பாதியில் மணி அடித்தார்கள். நடுவர் என்னைக் கூப்பிட்டு, “கருத்து நன்று தம்பி. வேகத்தைக் குறைக்கவும். தொடையில் தட்டும் பழக்கத்தைக் கைவிடவும்” என்றார். மூன்றாம் பரிசாக ஒரு சோப்பு டப்பா கிடைத்தது. மூன்று பேர்தான் கலந்துகொண்டிருந்தோம். அப்பா அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார். மகன் இங்கிலீஷில் பரிசு வாங்கியதாகக் கடையில் சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஆர்கெஸ்ட்ரா. எங்கள் தெருவில் ஒரு வங்காளி தாதா, அதாவது எல்லோருக்கும் அண்ணன், ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தார். துர்கா பூஜை முடிந்தால் தெருவுக்குத் தெரு பங்ஷன். தாதாவிடம் ஆர்கன், கிடார், எக்கோ மைக் எல்லாம் இருந்தன. அவை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு குறை, மின்சாரம் வேண்டும். காதல் பாட்டின் உச்சத்தில் கரண்ட் போகும். பாடகரின் வாய் அசையும், சத்தம் வராது. கூட்டம் விசிலடிக்கும், நாற்காலியை மடக்கும், கொஞ்ச நேரத்தில் கல் வரும். ஒருநாள் அப்படி முதல் கல் வந்து விழுந்தபோது நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தாதா என் முதுகில் கை வைத்து மேலே தள்ளினார். “நீதான் எப்பவும் வாயில ஏதோ பண்ணிட்டிருப்பியே, அதைப் பண்ணு!”

குழுவில் கையால் தட்டும் பாங்கோ மேளமும் இருந்தது, அதற்குக் கரண்ட் தேவையில்லை. என் தொண்டைக்கும் தேவையில்லை. இருட்டில் நின்று கத்தினேன். இந்தத் தெருவில் கரண்ட் போனால் பூஜைக் கமிட்டித் தலைவர் வீட்டில் மட்டும் பல்பு எரிகிறதே, அவர் வயரைக் கரண்ட் போகாத ஆஸ்பத்திரி லைனில் கட்டியிருக்கிறாரா அல்லது துர்கையின் சிங்கத்தின் வாலில் கட்டியிருக்கிறாரா என்று கேட்டேன். அதற்கு எழுந்த சிரிப்பில் மேடைப் பலகை அதிர்ந்தது. தலைவர் முன்வரிசையில்தான் இருந்தார். ஆனால் இருட்டு. பாடுவது யார் என்று அவருக்கும் தெரியாது, சிரிப்பது யார் என்று எனக்கும் தெரியாது. இதைவிடப் பாதுகாப்பான ஜனநாயகத்தை நான் பிறகு கண்டதில்லை.

கரண்ட் வந்ததும் என்னை இறக்கிவிட்டார்கள்.

இப்படியே வளர்ந்தேன். தாதாவின் குழுவில் பாடகர், பாடகி, மிமிக்ரிக்காரர் எல்லோருக்கும் நோட்டீசில் பெயர் உண்டு. எனக்குக் கிடையாது, ஏனென்றால் என்னைப் போட்டால் லோட்ஷெடிங்கை ஒப்புக்கொண்டதாகிவிடும். வெளிச்சத்தில், மைக்கில் ஒரே ஒரு ஐட்டம் கொடுங்கள் என்று கெஞ்சுவேன். தாதா சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமல், “ஹபே, ஹபே” என்பார். நடக்கும், நடக்கும் என்று அர்த்தம். வங்காளத்தில் நடக்காத எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சாம்பார்ப் பாட்டு. எங்கள் தெருவில் தமிழ் டிபன் கடைகள் இரண்டு: இந்தப் பக்கம் அண்ணாச்சி, எதிர்ப்பக்கம் அவருடைய ஜென்ம விரோதி. நான் தினமும் சாப்பிட்டது அண்ணாச்சி கடைச் சாம்பார். கலைஞன் அனுபவித்ததைத்தானே பாட முடியும்? வங்காளியில் இன்னும் காரமாக இருக்கும். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

இட்லி ரெண்டு கரையாச்சு, நடுவே கங்கை ஓடுது,
படகுத்துறை எங்கேன்னு பருப்பு ஒண்ணு தேடுது,
முருங்கைக்காய் மூழ்கிப்போச்சு, முதலாளி சிரிக்கிறார்,
குழாயைத் தொறந்து வச்சுட்டு ‘ஸ்பெஷல்’னு எழுதுறார்!

கல்லூரிப் பையன்கள் டிராமில் இதைப் பாடினார்கள். வங்காளிப் பெரியவர்கள், “இது எங்கள் பழைய கவிப்போர்தானே” என்றார்கள். தமிழ்ப் பெரியவர்கள், “நம்ம லாவணிதானே” என்றார்கள். மாமா மட்டும்தான் இது அமெரிக்கா என்று சத்தியம் செய்தார். கேசட் அவர் வாங்கியது.

அப்பா பயந்துபோனார். “ஏல, இருட்டுல என்னமும் பாடிக்கோ. வெளிச்சத்துல மட்டும் அந்தச் சாம்பார எடுத்துராத. அண்ணாச்சி பாத்தார்னா காலையில என்னைக் கணக்கு முடிச்சி அனுப்பிருவாரு. அம்மையக் கூட்டிட்டு எங்க போய் நிப்பேன்?”

“பாட மாட்டேம்ப்பா.”

“படிச்சவன் சொல்லுத. நம்புதேன்.”

அடுத்த ஆண்டு கமிட்டி ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தது. கலைக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. தாதா என் தோளில் கை போட்டு, “இந்த வருஷம் நீ ஓய்வெடு” என்றார். ஆனால் என் வளர்ச்சி எப்போதும் பிறருடைய கோளாறில்தான். அன்று முக்கியப் பாடகர் வர வேண்டிய ரயில் எங்கேயோ நின்றுவிட்டது. அவரை அழைக்க ஹவுராவுக்குப் போன ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்தான். தாதா என்னைத் தேடி மாடியறைக்கே வந்தார். மைக், வெளிச்சம், முழு ஐட்டம். ஒரே நிபந்தனை: “முன்வரிசையில் இருக்கிறவர்களைத் தொடக் கூடாது. பண்பாட்டைப் பாடு.”

மாமாவின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏறினேன். இத்தனை நாள் கேட்டு வாங்கிய வெளிச்சத்தை இருட்டாக்கிக்கொண்டு நின்ற புத்திசாலி நான். கண்ணாடி வழியாகவும் முன்வரிசை தெரிந்தது. நடுவில் கமிட்டித் தலைவர், பக்கத்தில் அண்ணாச்சி, அவர் முதுகுக்குப் பின்னால் காப்பி பிளாஸ்க்கோடு அப்பா.

பண்பாட்டைப் பாடினேன். கங்கையும் காவிரியும் கைகோத்தன. ரசகுல்லாவும் மைசூர்பாகும் சகோதரர்கள் ஆயின. கூட்டம் அஞ்சலிக் கூட்டம் போல உட்கார்ந்திருந்தது. தலைவர் மட்டும் மெதுவாகக் கை தட்டினார். அந்தக் கைதட்டல்தான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஓரே, ஆலோ நேபா!” விளக்கை அணையுங்கடா என்று.

எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். “ஆலோ நேபா! ஆலோ நேபா!” வருஷம் முழுக்க வெளிச்சத்துக்காக அழும் ஊர், வாடகை ஜெனரேட்டரை அணைக்கச் சொல்லிக் காலை உதைத்தது. பிறகு கோஷம் மாறியது. “சாம்பார்! சாம்பார்!” பாங்கோக்காரர் என்னைக் கேட்காமலேயே தாளத்தைப் போட்டுவிட்டார்.

அப்பாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று பிளாஸ்க்கை அசைத்தார். கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. ஆனால் தாளமும் காதில் இருந்தது. அந்த நேரத்தில் நான் தைரியசாலியாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். வாய் ஓடிவிட்டது, அவ்வளவுதான். முழுப் பாட்டையும், குழாய் வரைக்கும், வெளிச்சத்தில், எக்கோ மைக்கில், முதலாளி முகத்துக்கு நேராகப் பாடி முடித்தேன்.

அண்ணாச்சி எழுந்தார். அடுத்த தெருவில் எங்களுக்கு அறை கிடைக்குமா என்றுகூட யோசித்துவிட்டேன். அண்ணாச்சி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

“கேட்டீராவே! எதிர்க்கடைக்காரன் வண்டவாளத்த உம்ம மவன் எப்படிப் புட்டு வச்சுட்டான்! அந்தக் கொழாயி... ஏயப்பா, நேர்ல பாத்த மாதிரில்லா பாடுதான்!”

“ஆமா அண்ணாச்சி” என்றார் அப்பா.

“நீரு ஏன்வே நடுங்குதீரு? எதிர்க்கடைக்காரன் என்ன செஞ்சிருவான்? நான் இருக்கேன்லா!”

வேலை பிழைத்தது, அறையும் பிழைத்தது. என் ஆயுதத்தின் வீரியம் அன்றுதான் எனக்கு விளங்கியது. யார் மேல் விட்டேனோ அவர் அதை வாங்கித் துடைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் ஏவிக்கொண்டார். பிறகு பார்த்தால் எல்லோருமே அப்படித்தான். வீட்டில் பல்பு எரியும் தலைவர், அந்தப் பல்புப் பாட்டு முந்தைய தலைவரைப் பற்றியது என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதமே மூன்று தெருக்களிலிருந்து அழைப்பு வந்தது. நோட்டீசில் என் பெயர் கொட்டை எழுத்தில். மற்றவர்களைத் திட்டுவதற்காக ஒவ்வொருவரும் என்னை அழைத்தார்கள். நான் அவரவரையே திட்டினேன். எல்லோருக்கும் திருப்தி.

அப்பாவுக்கு மட்டும் இல்லை. பங்ஷன் முடிந்து மாடிப்படி ஏறும்போது நின்றார்.

“சாம்பார்ல தண்ணி ஊத்துறது யாருன்னு நெனச்சல? அண்ணாச்சியா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வந்து ஊத்துவாரு?”

பிளாஸ்க்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

“கூட்டம் ஏறுனா ‘சாம்பார நீட்டும்வே’ன்னு கல்லாவுல இருந்து ஒரு சத்தம் குடுப்பாரு. நீட்டுறது நாந்தாம்ல. அந்த ஊரே சிரிச்சுதே, அது என் கையப் பாத்து.”

இனிமேல் அதைப் பாட மாட்டேன் என்றேன். “ஒனக்கு வாக்கு குடுக்கதுக்கு நல்லா வருது” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் அந்தப் பாட்டை எடுக்கவில்லை. அப்போதுதான் எதிர்க்கடைக்காரர் ஆள் அனுப்பினார். கடையின் ஆண்டு விழா, வாசலில் மேடை, மைக். வேறு எதுவும் வேண்டாம், அண்ணாச்சியைக் கிழிக்கும் அந்தச் சாம்பார்ப் பாட்டு மட்டும் போதும். முடியாது என்று சொல்லிவிட்டதாக அப்பாவிடம் சொன்னேன். அவரோ, “போய்ச் சரின்னு சொல்லு. நானும் வாரேன்” என்றார்.

விழா அன்று அரை நாள் லீவு போட்டார். சலவைச் சட்டை. வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்க்கடைக்குள் நுழைந்து, வாடிக்கையாளர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரெண்டு இட்லி சொன்னார். சப்ளையர் சாம்பார் ஊற்றினான். அப்பா இட்லியைத் தொடவில்லை. விரலைச் சாம்பாரில் முக்கி நாக்கில் வைத்தார். கண்ணை மூடி யோசித்தார். இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லி, தட்டைச் சாய்த்து, அது ஓடும் ஓட்டத்தைப் பார்த்தார். வெளியே பாங்கோ தொடங்கிவிட்டது. நான் வாசலுக்கும் மேடைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“இங்கயும் தண்ணிதாம்ல” என்றார். “இது என் கை இல்ல. நீ பாடு.”